அரிசிப் புரத ஜெல் பிழையாகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

அரிசி மணியிலுள்ள புரதங்களைப் பிரித்து ஜெல்லில் ஓட்டும் வேலை ஒவ்வோர் ஆண்டும் கொழும்பில் யாராவது ஓர் இறுதியாண்டு மாணவரின் கைக்கு வந்துவிடுகிறது. ஜெல் பலகையின் மேல் விளிம்பிலுள்ள கிணறுகளில் மாதிரியை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், ஒவ்வொரு தடத்திலும் புரதங்கள் பருமன்படி பட்டைகளாகப் பிரியும். மாணவர்கள் மாறுகிறார்கள், பிழைகள் மாறுவதில்லை. ஆய்வுகூடத்தில் அந்தப் பிழைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியதில் சேர்ந்த குறிப்புகள் இவை. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த நெறிமுறைத் தாளோடு மாலைநேரத்தில் தனியே நிற்கும் பிள்ளைகளை நினைத்து எழுதுகிறேன்.

உங்கள் அறிகுறி எதுவென்று பார்த்து நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு கூடியது பின்னால் வரும். அந்த வரிசையைத் தாண்ட வேண்டாம். நெற்பயிர் புதிதாக ஏதோ சொல்கிறது என்ற முடிவுக்கு மற்றவை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வரலாம்.

எந்தச் சோதனைக்கும் ஒரு தெரிந்த மாதிரி வேண்டும். பெயர் உறுதியான ஒரு விதைநெல்லை, உதாரணமாகப் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பிஜி 300ஐ, எடுத்து உமி நீக்கி, புரதத்தைப் பிரித்து, சிறு சிறு பங்காக மைனஸ் 20 பாகையில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஜெல்லிலும் ஒரு தடத்தை அதற்கு ஒதுக்குங்கள். அந்தத் தடம் சரியாக வந்தால் பிழை உங்கள் மாதிரியில் இருக்கிறது. அதுவும் பிழையாக வந்தால் பஃபர் என்ற தாங்கற் கரைசலிலோ ஜெல்லிலோ இருக்கிறது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

முற்றிய மணியின் மொத்தப் புரதம் சரியாக ஓடினால், 37–39 கிலோடால்டனிலும் (புரத மூலக்கூறின் நிறை அலகு) 22–23இலும் குளுட்டலின் என்ற சேமிப்புப் புரதத்தின் இரு துணையலகுகள் கனமாக நிற்கும். மற்றச் சேமிப்புப் புரதங்களில் 26இல் குளோபுலின், 13இல் புரொலமின், அதன் மேலும் கீழும் 16இலும் 10இலும் மெல்லிய புரொலமின் பட்டைகள் தெரியும். 57இல் குளுட்டலினின் முன்னோடி, அதாவது இரண்டாக வெட்டப்படுமுன் உள்ள முழு வடிவம், மங்கலாகத் தெரியலாம்.

## ஜெல் உறையவில்லை

ஜெல்லை உறையவைக்கும் ஏபிஎஸ் (அமோனியம் பேர்சல்பேற்று) தூள்தான் முதல் சந்தேகம். கொழும்பின் ஈரக்காற்றில் அந்தப் போத்தலை நாலு முறை திறந்து மூடினாலே தூள் கட்டிபடும். நல்ல ஏபிஎஸ்ஸில் தண்ணீர் விட்டால் மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்கும். குழாயைக் காதருகே பிடித்துப் பாருங்கள், சத்தமே இல்லையென்றால் அந்தப் போத்தலை நம்பாதீர்கள். 10% கரைசலை அன்றன்றைக்குக் கரையுங்கள். குளிரிலிருந்து எடுத்த போத்தல் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் வியர்க்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஏசி. 18 பாகையில் வைத்த அறையில் ஜெல் உறையத் தாமதமாகும், அது பிழையில்லை, கூட அரைமணி நேரம் கொடுங்கள். அதன் பிறகு, உறைவதை விரைவாக்கும் டெமெட்டை மாற்றுங்கள். கடைசியில் கீழ் ஜெல்லின் பஃபர் பிஎச் 8.8, மேல் ஜெல்லினது 6.8 என்பதைச் சரிபாருங்கள். இரண்டு போத்தல்களும் இடம் மாறியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜெல்லின் மூலப்பொருளான அக்ரிலமைட்டு உறையாத நிலையில் நரம்பு நச்சு. கையுறை இல்லாமல் தொடவும் கூடாது, தொட்டியில் ஊற்றவும் கூடாது.

## மாதிரி கிணற்றில் கூழாக நிற்கிறது, கீழே இறங்கவில்லை

அரிசிக்கே உரிய பிழை இது. விலங்குத் திசுவுக்கோ பற்றீரியாவுக்கோ எழுதிய நெறிமுறையை அப்படியே அரிசிமாவுக்குப் பயன்படுத்தினால் இது கட்டாயம் வரும்.

காரணம் மாப்பொருள். தீட்டிய அரிசியில் புரதம் 7–8% அளவுதான், மிச்சத்தில் பெரும்பகுதி மாப்பொருள். அது ஏறக்குறைய 55 முதல் 79 பாகைக்குள் களியாகிவிடும். அரிசிமாவில் மாதிரிப் பஃபரை விட்டு 95 பாகையில் ஐந்து நிமிடம் வைத்தால் நீங்கள் காய்ச்சியது கஞ்சி. பிப்பெட் நுனியில் நூலாக இழுபடும், கிணற்றில் விட்டால் பக்கத்துக் கிணற்றுக்கும் வழியும்.

சோதனை எளிது. குழாயைக் கவிழ்த்துப் பாருங்கள். திரவம் ஓடாமல் தொங்கினால் மாப்பொருள்தான், வேறு எதையும் தேட வேண்டாம்.

தீர்வு, மாவு இருக்கும்போது சூடாக்காமல் விடுவது. 8 மோலார் யூரியா, 4% எஸ்டிஎஸ் (புரதத்தை விரித்துக் கரைக்கும் சவர்க்காரப் பொருள்), 20% கிளிசரோல், 5% மேர்கப்டோஎதனோல், பிஎச் 6.8 ட்ரிஸ் சேர்ந்த பஃபரில் மாவை அறை வெப்பநிலையில் இரவு முழுவதும் குலுக்க விடுங்கள். காலையில் அதிவேகத்தில் சென்றிபியூஜ் செய்து, மேலே நிற்கும் தெளிவான பகுதியை மட்டும் எடுங்கள். அடியில் படிந்த வெள்ளையைப் பிப்பெட் நுனி தொடக்கூடாது, கடைசி நூறு மைக்ரோலீற்றரை விட்டுவிடுவதே நல்லது. யூரியா சேர்ந்த மாதிரியைக் கொதிக்க வைக்கவும் கூடாது. சூட்டில் யூரியாவிலிருந்து சயனேற்று உருவாகிப் புரதத்தை மாற்றிவிடும். பின்னால், எந்தப் புரதமென்று அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்கிற்கு (திணிவு நிறமாலைமானிக்கு) அனுப்பும் எண்ணம் இருந்தால் இது பெரிய இடைஞ்சல்.

அளவையும் கணக்குப் பாருங்கள். ஒரு மணி ஏறக்குறைய 20 மில்லிகிராம், அதில் புரதம் ஒன்றரை மில்லிகிராம். 700 மைக்ரோலீற்றர் பஃபரில் பிரித்தால் மைக்ரோலீற்றருக்கு இரண்டு மைக்ரோகிராம் வரும், ஒரு தடத்துக்கு 5 முதல் 10 மைக்ரோலீற்றர் தாராளம். சுதுரு சம்பா மாதிரிச் சிறுமணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மணியை நிறுத்துப் பஃபரைக் குறையுங்கள்.

## மாதிரிக் குழாயில் வெள்ளையாக ஏதோ படிகிறது

37 பாகை நீரில் வைத்துப் பாருங்கள். கரைந்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் தெளிவாகவே நின்றால் அது குளிரில் படிந்த எஸ்டிஎஸ். ஏசி காற்று நேராக விழும் தட்டில் போத்தலை வைத்திருப்பீர்கள், இடத்தை மாற்றினால் போதும்.

ஆறியதும் திரும்பப் படிந்தால் பொற்றாசியம். உங்கள் பிரித்தெடுக்கும் பஃபரில் பொற்றாசியம் குளோரைட்டு இருந்தால், அது எஸ்டிஎஸ்ஸோடு சேர்ந்து கரையாத உப்பாகும், புரதத்தையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். சோடியம் குளோரைட்டுக்கு மாறுங்கள். கையில் இருக்கும் மாதிரியைக் காப்பாற்ற வேண்டுமானால், எஸ்டிஎஸ் சேர்க்குமுன் மென்சவ்வு வழியே உப்பை வெளியேற்றும் டயலிசிஸ் செய்யுங்கள்.

## நீர்ப்பகுதியிலும் உப்புப்பகுதியிலும் பட்டையே இல்லை

எதில் கரைகிறது என்பதை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் ஒஸ்போர்ன் வரிசைப்படி நீர், உப்பு, அற்ககோல், காரம் என்று பிரிக்கிறீர்கள். காரப்பகுதியில் குளுட்டலின் இருக்கிறது, ஆனால் நீரில் வர வேண்டிய அல்புமினும் உப்பில் வர வேண்டிய குளோபுலினும் காணாமல் போய்விட்டன. பஃபரை மாற்றுமுன் ஒரு கேள்வி: அரிசியை எங்கே வாங்கினீர்கள்?

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ கடையில் வாங்கிய அரிசி என்றால், அது பெரும்பாலும் புழுங்கல். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தித்தான் தீட்டுகிறார்கள். அந்தச் சூட்டிலேயே அல்புமினும் குளோபுலினும் இயல்பிழந்து கரையாமல் போய்விடும். ஒரு மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புழுங்கல் மணி கண்ணாடிபோல ஊடுதெரியும், இலேசாக மஞ்சள் பூத்திருக்கும், பச்சையரிசி வெண்மையாக இருக்கும். சந்தேகமாயின் அந்தப் பையைச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு விதைநெல் தேடுங்கள்.

பச்சையரிசிதான் என்றால், எவ்வளவு தீட்டியது என்று பாருங்கள். அல்புமின் தவிட்டிலும் முளையத்திலும்தான் செறிந்திருக்கிறது, ஆலை அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது கொஞ்சம். உமி மட்டும் நீக்கிய மணியை எடுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாடு, சம்பா, கீரிச்சம்பா என்பவை மணியின் வடிவத்தையும் சந்தையையும் காட்டும் பெயர்கள். ஒரு மூட்டை நாட்டரிசியில் பல இனங்கள் கலந்திருக்கலாம். அதை ஓட்டிவிட்டு 'இந்த இனத்தின் புரதம் இப்படி' என்று ஆய்வறிக்கையில் எழுத முடியாது. பத்தலகொடவின் பிஜி, அம்பலாந்தோட்டையின் ஏடி, பொம்புவெலவின் பிடபிள்யூ என்று எண்ணோடு வரும் விதையோ, பேராதனைக்கு அருகே கன்னொருவவிலுள்ள தாவர மரபணு வள நிலையத்திலிருந்து எண்ணோடு வரும் பாரம்பரிய இனமோ கையில் இருக்க வேண்டும். உங்கள் மேற்பார்வையாளர் மூலம் கடிதம் எழுதிக் கேளுங்கள். விதை வந்து சேர நாளாகும் என்பதால் ஆய்வு தொடங்கும் வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.

உப்புப்பகுதியில் பட்டை இருக்கிறது, ஆனால் தடம் இடுப்புச் சிறுத்து நெளிகிறது என்றால் அது மிகுந்த உப்பின் வேலை. அசற்றோனில் புரதத்தை வீழ்படியச் செய்து, உப்பை நீக்கி, மறுபடி ஓட்டுங்கள்.

## 57 கிலோடால்டனில் கனமான பட்டை

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. பெரும்பாலும் பஃபரின் பிழை, எப்போதாவது மட்டும் ஓர் உண்மையான கண்டுபிடிப்பு.

மணி வளரும்போது குளுட்டலின் 57 கிலோடால்டன் முன்னோடியாக உருவாகி, புரதச் சேமிப்பு வெற்றிடத்துக்குப் போன பிறகே இரண்டாக வெட்டப்படுகிறது. வெட்டிய இரு துண்டுகளும் ஒரு டைசல்பைட்டுப் பிணைப்பால் கைகோத்தபடியே இருக்கும். ஜெல்லில் அவை பிரிந்து ஓட வேண்டுமானால் அந்தப் பிணைப்பை நீங்கள்தான் உடைக்க வேண்டும்.

ஆகவே முதலில் அந்தப் பிணைப்பை உடைக்கச் சேர்க்கும் மேர்கப்டோஎதனோலை அல்லது டிடிடியைச் சந்தேகியுங்கள். மாதிரிப் பஃபரில் டிடிடியைக் கலந்து மேசையில் வாரக்கணக்காக வைத்திருந்தால் அதில் வலு இராது. மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் புதிதாகக் கரைத்த டிடிடியை 100 மில்லிமோலார் ஆகும்படி சேர்த்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத் தடங்களில் ஓட்டுங்கள். புதிய தடத்தில் 57 மங்கி, 37–39உம் 22–23உம் கனத்தால் விடயம் முடிந்தது. இனிமேல் டிடிடியைச் சிறு பங்காக மைனஸ் 20இல் வைத்து, ஓட்டும் நாளில் மட்டும் சேருங்கள்.

இரு தடங்களும் ஒரே மாதிரி வந்தால் அது நிஜமாகவே வெட்டுப்படாத புரதமாகவோ வேறொரு புரதமாகவோ இருக்கலாம். மாப்பொருள் மணிகளோடு ஒட்டியிருக்கும் வக்சி புரதம் ஏறக்குறைய 60இல் ஓடும், 12% ஜெல்லில் 57இலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஒட்டரிசியில் வக்சி புரதம் இல்லை. ஒட்டரிசி மணி ஒன்றைப் பக்கத்தில் ஓட்டுங்கள், எது எதுவென்று தெரிந்துவிடும்.

அடுத்தது மணியின் முதிர்ச்சி. பால்பருவத்திலோ மாப்பருவத்திலோ பிடுங்கிய கதிரில் முன்னோடி நிறைய இருப்பது இயல்பு. பூத்த திகதியைக் கதிரில் நூல்கட்டிக் குறிக்காவிட்டால், முதிர்ச்சி வித்தியாசத்தை இனவித்தியாசம் என்று எண்ணிவிடுவீர்கள்.

புதிய டிடிடி, ஒட்டரிசி ஒப்பீடு, முற்றிய மணி மூன்றையும் தாண்டியும் 57 கனமாக நின்றால், பாதிமணிச் சோதனை செய்யுங்கள். மணியைக் கூரான பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். முளையம் உள்ள பாதியை ஈரத்தாளில் முளைக்க வையுங்கள், மற்றப் பாதியை நசுக்கிப் புரதம் பிரியுங்கள். இரு பாதிகளுக்கும் ஒரே எண்ணை இடுங்கள். ஒரே செடியின் மணிகளில் இது திரும்பத் திரும்ப வந்து, மணியும் மாவெள்ளையாக இருந்தால், விகாரம் (மரபணு மாறிய செடி) ஒன்றைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ண இடமுண்டு. 57இல் முன்னோடி தேங்கும் நெல் விகாரங்கள் ஏற்கெனவே நன்றாக ஆராயப்பட்டவை. அவற்றுள் இஎஸ்பி2இல் டைசல்பைட்டுப் பிணைப்பைச் சரியாகப் பின்னும் நொதியம் இல்லை. குளுப்3இல் முன்னோடியை வெட்டும் வெற்றிட நொதியம் பழுது. குளுப்4இல் புரதத்தை வெற்றிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு பழுது. தாவரக் கலம் தன் சேமிப்புப் புரதத்தை எங்கே மடிக்கிறது, எந்த வழியால் அனுப்புகிறது, எங்கே வெட்டுகிறது என்பதெல்லாம் இப்படி ஜெல்லில் இடம் தவறி நின்ற பட்டையைப் பின்தொடர்ந்து போனவர்களால்தான் தெரியவந்தது. அதனால்தான் அவசரமாக 'பிழை' என்று அழித்துவிடவும் வேண்டாம், அவசரமாக 'விகாரம்' என்று அறிவிக்கவும் வேண்டாம் என்கிறேன்.

இந்தக் கட்டத்தில் தனியே தொடர வேண்டாம். நெல் பரம்பரையியல் தெரிந்தவரிடம் விதையையும் ஜெல் படத்தையும் கொண்டுபோங்கள். முளைத்த பாதி உயிரோடு இருந்தால்தான் அவரால் உதவ முடியும்.

## 13 கிலோடால்டன் புரொலமினைக் காணவில்லை

ஓடி வெளியே போயிருக்கலாம். 12% ஜெல்லில் நீலச்சாயம் அடியைத் தொடுமுன் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 15% ஜெல்லுக்குப் போங்கள். சிறிய புரதங்கள் சாயம் கழுவும்போதும் கசிந்துபோகும் என்பதால் நிலைப்படுத்தும் படியைக் குறுக்க வேண்டாம்.

அற்ககோல் பகுதியில் மட்டும் குறைவென்றால், 60% புரொப்பனோலோடு 5% மேர்கப்டோஎதனோல் சேர்த்தீர்களா? சிஸ்ரீன் கூடிய 10, 16 கிலோடால்டன் புரொலமின்கள் அது இல்லாமல் வெளியே வராது.

## பட்டைகள் இல்லை, மேலிருந்து கீழ்வரை இழுபட்ட நீலம்

முதலில் குறைவாக ஏற்றிப் பாருங்கள். பாதி அளவில் தெளிவாகிவிட்டால் வேறு காரணம் தேவையில்லை.

சிவப்பரிசியா? பச்சைப்பெருமாள், களுஹீனட்டி போன்றவற்றின் தவிட்டிலுள்ள புரோஅந்தோசயனிடின்கள் புரதத்தைப் பற்றிப்பிடிக்கும். சாறு தவிட்டு நிறமாகவும் ஜெல் இழுபட்டும் வரும். வித்தகவிழையம் (மணியின் உள் மாவுப்பகுதி) மட்டும் போதுமென்றால் மணலுறைத் தாளில் உரசித் தவிட்டை நீக்குங்கள். தவிட்டுப் புரதமே வேண்டுமென்றால் அந்தப் பொருட்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி தூளைப் பஃபரில் சேருங்கள். தவிட்டில் எண்ணெய் வேறு 15–20% உண்டு, ஹெக்சேனில் கழுவி நீக்காமல் அதிலிருந்து நல்ல ஜெல் எடுக்க முடியாது.

இலையோ முளையோ என்றால் புரதமுடைக்கும் நொதியங்களை நினையுங்கள். அவற்றைத் தடுக்கச் சேர்க்கும் பிஎம்எஸ்எஃப் நீரில் கலந்ததுமே அழியத் தொடங்கும், பிஎச் 8இல் ஒரு மணிநேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். காலையில் கலந்த பஃபரை மாலையில் பயன்படுத்தினால் அது இருந்தும் இல்லாததே.

கடைசியாக, மைனஸ் 80 உறைகுளிரூட்டி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி உருகித் திரும்ப உறைந்த இலையை வெளிப்பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. சிறு பீக்கரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து உள்ளே விட்டுவிடுங்கள். நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால் ஒருமுறை உருகியிருக்கிறது, அந்தத் தட்டிலுள்ள இலைகளைப் புரத வேலைக்கு எடுக்க வேண்டாம். நன்கு உலர்ந்த விதைக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. உறைகுளிரூட்டி மின்சாரம் இருக்கும்போதே சூடேறினால் கதவின் இறப்பர் விளிம்பையும் வடிகட்டித் தூசியையும் மட்டும் பாருங்கள். அதற்கு மேல் கம்பிரசர் வேலை, தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிடுங்கள்.

## இலை மாதிரியில் 55இல் ஒரு தடித்த பட்டை, மற்றதெல்லாம் மங்கல்

அது ஒளித்தொகுப்பு நொதியமான ரூபிஸ்கோவின் பெரிய துணையலகு. இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை அதுவே இருக்கலாம். பிழை எதுவும் இல்லை. மற்றவற்றைப் பார்க்க வேண்டுமானால் பொலிஎதிலீன் கிளைக்கோலால் பகுதி பகுதியாக வீழ்படியச் செய்து அதைக் குறையுங்கள், அல்லது வேரில் வேலை செய்யுங்கள்.

## புரத அளவு நம்பமுடியாத எண்ணாக வருகிறது

நிறமாற்றத்தால் புரதத்தை அளக்கும் முறைகளில், பிராட்போர்ட் முறைக்கும் எஸ்டிஎஸ்ஸுக்கும் ஒத்துவராது. பிசிஏ முறைக்கு டிடிடியும் மேர்கப்டோஎதனோலும் ஆகாது. வெறும் பஃபரை மட்டும் அளந்து பாருங்கள், அதுவே நிறம் காட்டினால் காரணம் அங்கேதான். நியமக் கரைசலையும் அதே பஃபரில்தான் செய்ய வேண்டும்.

கெல்டால் முறையில் நைதரசனிலிருந்து கணக்கிட்டிருந்தால் பெருக்கிய எண்ணைப் பாருங்கள். அரிசிக்கு 5.95. பொதுவான 6.25ஆல் பெருக்கினால் விடை 5% கூடிவிடும்.

## மின்னோட்டமே இல்லை, அல்லது தடங்கள் வளைகின்றன

தடங்கள் சிரித்தாற்போல் வளைந்தால் சூடு. 100 வோல்ற்றுக்கு இறக்கி, குளிர்ந்த பஃபர் விடுங்கள். மின்னோட்டம் இல்லையென்றால் உள்பஃபர் கசிந்து மட்டம் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மூடியின் இணைப்புகளை. பிளற்றினம் கம்பி அறுந்திருந்தாலோ மின்வழங்கி 'ஏர்த்' எச்சரிக்கை காட்டினாலோ அங்கேயே நிறுத்துங்கள். பெட்டியைத் திறப்பது உங்கள் வேலையில்லை. சென்றிபியூஜ் அதிர்ந்தாலும் இதேதான். குழாய்களைச் சமன்செய்தும் அதிர்ந்தால் உடனே நிறுத்தி, சேவையாளர் பார்க்கும்வரை 'பாவிக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

## பட்டையை மாஸ் ஸ்பெக்கிற்கு அனுப்பினேன், பயனுள்ள விடை வரவில்லை

செலவு கூடிய படி இது, அதனால் அனுப்புமுன் பார்க்க வேண்டியவை அதிகம்.

கெரட்டின் என்று விடை வந்தால் அது உங்கள் தோலும் முடியும். பட்டையை வெட்டும்போது புதிய கையுறை, புதிய பிளேடு, மூடிய முடி, கழுவிய கண்ணாடித் தட்டு எல்லாம் வேண்டும். காற்றாடிக்குக் கீழே வெட்டவே கூடாது. வெள்ளிச்சாயத்தில் குளுட்டரல்டிகைட்டு இருந்திருந்தால் அந்தப் பட்டை பயன்படாது, மறுபடி ஓட்டி, கூமாசி நீலச்சாயம் இடுங்கள்.

புரொலமின் பட்டைக்கு விடையே இல்லையென்றால் ஆய்வுகூடத்தைக் குறைசொல்ல வேண்டாம். அங்கே புரதத்தைத் துண்டாக்கும் நொதியமான ட்ரிப்சின், லைசின், ஆர்ஜினின் என்ற அமினோவமிலங்களுக்குப் பின்னால்தான் வெட்டும், புரொலமினில் லைசின் மிகக் குறைவு. வெட்டுமிடம் இல்லாத புரதம் பெரிய துண்டாகவே நின்றுவிடும். கைமோட்ரிப்சினால் செரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேடிய தரவுத்தளத்தையும் கேட்டு வாங்குங்கள். 2005இல் வெளிவந்த முழு மரபணுத்தொகுதி நிப்பொன்பாரே என்ற ஜப்போனிக்கா இனத்தினது. நம் வயல் இனங்கள் பெரும்பாலும் இண்டிக்கா. ஓரிரு அமினோவமிலம் மாறினாலே அந்தப் பெப்தைட்டு தேடலில் தவறிவிடும், ஆகவே இரண்டு தொகுப்பிலும் தேட வேண்டும்.

பணம் கட்டுமுன் அந்தச் சேவையில் வேலை செய்பவரோடு நேரில் பேசுங்கள். ஜெல் படம், ஏற்றிய அளவு, பஃபரில் என்னென்ன இருந்தன, எந்த இனம், மணியின் வயது, எந்தச் சாயம் என்பவற்றை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வெட்டிய பட்டையோடு பட்டையே இல்லாத இடத்திலிருந்து ஒரு வெற்று ஜெல் துண்டையும் வேறு குழாயில் அனுப்புங்கள். இரண்டிலும் வரும் புரதங்களை விடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் படிக்க வேண்டும்.